மிஷனரி வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்கு: தொனியும் நடையும், படிப்படியாக

சபைக்கு நூற்றைம்பதாவது ஆண்டு வருகிறது. மலர்க் குழு கூடுகிறது. "நம்ம ஐயர் சரித்திரத்த நீங்களே எழுதிருங்க, உங்களுக்குத்தான் தமிழ் நல்லா வரும்" என்று ஒருவர் தலையில் பொறுப்பு விழுகிறது. 'ஐயர்' என்று இங்கே சொல்வது அந்தச் சபையில் ஊழியம் செய்த மிஷனரியை. பெரும்பாலும் அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், இல்லையென்றால் ஞாயிறு பள்ளி நடத்தும் இளைஞர். இந்த வழிகாட்டியை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட மலர்களுக்காகப் பல கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தியிருக்கிறேன். ஆண்டுகளிலும் பெயர்களிலும் பிழை குறைவாகவே இருக்கும். மனிதர்தான் காணாமல் போயிருப்பார். நாற்பது பக்கம் படித்து முடித்த பிறகும் ஐயர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல முடியாது. 'மாபெரும் தேவ மனிதர்' என்று மட்டும் சொல்ல முடியும். தகவல் சரியாக இருந்தும் தொனி தவறிவிட்டதால் வருகிற விளைவு இது.

தொனி என்றால் எழுதுகிறவர் எங்கே நின்று, எந்த மனதோடு பார்க்கிறார் என்பது. அந்த மனம் சொல்லிலும் வாக்கியத்திலும் வினைமுற்றிலும் இறங்கும்போது நடையாகிறது. முதலாவதைச் சரிசெய்யாமல் இரண்டாவதை மட்டும் மெருகேற்றுவது ஈரச் சுவரில் வெள்ளையடிப்பது போன்றது.

முதல் படி: நிற்கும் இடத்தை முடிவுசெய்யுங்கள்

மிஷனரி வரலாற்றைச் சொல்ல மூன்று இடங்கள் உண்டு. கப்பல் தளத்திலிருந்து பார்த்தால் கரை முழுவதும் இருட்டாகத் தெரியும். மிஷன் பங்களா வராந்தாவிலிருந்து பார்த்தால் வந்து நிற்கிறவர்கள் கூட்டமாகத் தெரிவார்கள், முகம் தெரியாது. ஊர்த் தெருவில் நின்று பார்த்தால், புதிதாக ஒரு வெள்ளைக்காரர் வெயிலில் வியர்த்து நடந்து வருவது தெரியும். நாம் அந்தத் தெருவில் பிறந்தவர்கள். ஆனாலும் எழுத உட்கார்ந்ததும் நம்மையறியாமல் கப்பலில் ஏறிக்கொள்கிறோம்.

ஒரே நிகழ்ச்சியை மூன்று தொனியில் எழுதிப் பார்ப்போம். தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்றதை எடுத்துக்கொள்வோம். முதலில் பிரசங்கத் தொனி:

"தேவ அன்பினால் ஏவப்பட்ட சீகன்பால்கு ஐயர், காரிருளில் கிடந்த நம் நாட்டுக்கு ஒளியேற்ற வந்தார். கடினமான தமிழ்மொழியைக் கர்த்தரின் கிருபையால் வெகு சீக்கிரத்தில் கற்றுத் தேர்ந்தார்."

அடுத்தது தகவல் பலகைத் தொனி:

"சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடி வந்தார். தமிழ் கற்றார். புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1715-ல் அச்சாகி வெளிவந்தது."

இனி தெருவில் நின்று எழுதியது:

"டென்மார்க் அரசர் அனுப்பிய ஆள் என்ற பெருமை இருந்தது, தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை. திண்ணைப் பள்ளி நடத்திய முதியவர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்து எழுதினார்கள். இருபது வயது கடந்த ஜெர்மன்காரரும் அவர்கள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதினார். எழுத்து பிடிபட்டது, பொருள் பிடிபடவில்லை. அதற்கு அழகப்பன் என்ற துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், வர வேண்டியிருந்தது."

மூன்றாவதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. 'தாழ்மையுள்ளவர்' என்று நான் சொல்லவில்லை. மணலில் விரல் வைத்த மனிதரைப் பார்க்கும் வாசகர் அதைத் தாமே சொல்லிக்கொள்வார். இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் இரண்டிலும் தமிழ் கற்றுக்கொடுத்தவர் இல்லை. கிருபை வந்தது, ஆசிரியர் மறைந்தார். மூன்றாவதில் முதியவரும் பிள்ளைகளும் அழகப்பனும் கதைக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். கிருபை அவர்கள் வழியாகத்தான் வந்தது என்று நம்புகிற வாசகருக்கும் இந்தப் பத்தி எந்தக் குறையும் வைக்கவில்லை.

உங்கள் ஐயரின் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்து இதேபோல் மூன்று முறை எழுதிப் பாருங்கள். நூல் முழுவதற்குமான தொனி அந்த ஒரு மாலையில் கிடைத்துவிடும். இந்தப் பயிற்சியைச் செய்யாமல் முதல் அத்தியாயத்தைத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: ஆதாரத்தின் தொனியை அடையாளம் காணுங்கள்

நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் மிஷனரிகள் தாய்நாட்டுக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும்தான். அவற்றைப் படித்தவர்கள் காணிக்கை கொடுத்தவர்கள். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களை ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த போதகர் பிராங்கே திருத்தி, தேவையானதைத் தேர்ந்து அச்சிட்டார். சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை விரிவாக எழுதி 1713-ல் முடித்தபோது அது அங்கே வெளியாகவில்லை. அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்பது அங்கிருந்தவர்களின் எண்ணம். அந்த நூல் 1867-ல் சென்னையில்தான் அச்சேறியது. அவர் மறைந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அச்சில் வந்த அறிக்கையை மட்டும் படித்தவருக்கு ஒரு சீகன்பால்கு தெரிவார். ஊர் ஊராகப் போய்க் கேட்டுக் குறித்துக்கொண்ட இன்னொரு சீகன்பால்கு தெரியமாட்டார்.

எதிர்த் திசையிலும் இது நடந்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த எமி கார்மைக்கேல், வெற்றிக் கதை எதிர்பார்த்தவர்களுக்கு மனம் சோர்கிற உண்மைகளை எழுதி அனுப்பினார். ஊக்கம் தரவில்லை என்று கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது. அவர் மாற்றி எழுதவில்லை. 1903-ல் அது நூலாக வெளிவந்தபோது நம்ப மறுத்தவர்கள் பலர். பின்வந்த பதிப்பில் மற்ற மிஷனரிகள் 'இவர் எழுதியது உண்மைதான்' என்று உறுதி கூற வேண்டியிருந்தது.

ஆகவே ஒவ்வொரு கடிதத்தின் ஓரத்திலும் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்: யாருக்கு எழுதினார், எந்தச் சமயத்தில், என்ன கேட்டு எழுதினார். தகவலை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் மனநிலையை அங்கேயே விட்டுவிடுங்கள். 'அஞ்ஞானிகள்', 'பேய் வணக்கத்தார்' போன்ற சொற்கள் ஆதாரத்திலிருந்து நம் வாக்கியத்துக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். தேவைப்பட்டால் மேற்கோள் குறிக்குள் அவர் சொல்லாகவே வையுங்கள். உங்கள் சொல்லாக வேண்டாம். அந்த 'அஞ்ஞானி' உங்கள் பாட்டனுக்குப் பாட்டன்.

மூன்றாம் படி: வினைமுற்றைப் பாருங்கள்

தமிழில் எழுதும்போது வருகிற சிக்கல் இது. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். ஆங்கிலக் கடிதத்தில் எல்லாருக்கும் ஒரே வினைதான். தமிழில் எழுதும்போது ஒவ்வொரு வினைமுற்றிலும் மரியாதையை வைக்க வேண்டும், அல்லது எடுக்க வேண்டும். நடுவில் நிற்க இடமில்லை. ஒரு பிரதியில் இப்படி வந்தது:

"ஐயர் குதிரையில் வந்தார். உபதேசியார் முன்னால் நடந்தார். குதிரைக்காரன் பின்னால் ஓடி வந்தான். கிழவி ஒருத்தி அழுதுகொண்டு காலில் விழுந்தாள்."

எழுதியவர் நல்ல மனிதர். யாரையும் தாழ்த்த நினைத்தவரல்லர். ஆனால் நான்கு வாக்கியத்தில் நான்கு படிக்கட்டு கட்டிவிட்டார். குதிரைக்காரர் 'வந்தார்' என்றும், 'வயதான பெண் ஒருவர் விழுந்தார்' என்றும் மாற்றினால் பத்தியின் தொனியே மாறுகிறது. விதி எளிது: பிள்ளைகளைத் தவிர எல்லாருக்கும் 'ஆர்' விகுதி. மிஷனரியை அடித்தவருக்கும், ஆலயத்துக்குத் தீ வைத்தவருக்கும் அதே விகுதி. எதிரியை 'அவன்' என்று எழுதிய உடனே வரலாறு வில்லுப்பாட்டாகிவிடும். வில்லுப்பாட்டு எனக்குப் பிடிக்கும், அதன் இடம் வேறு.

அடைமொழியும் இதைச் சேர்ந்ததுதான். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் மிஷனரிகளை 'ஐயர்' என்று சொல்வது பழைய வழக்கம்: ரேனியஸ் ஐயர், போப் ஐயர். வெளியூர்ச் சிறுவர்கள் இதைச் சாதிப் பெயரென்று நினைத்துக் குழம்புகிறார்கள். முதல் முறை வரும்போது விளக்கிவிடுங்கள். அதன் பிறகு பக்கத்துக்கு ஒருமுறை 'ஐயர்' வந்தால் போதும், மற்ற இடங்களில் பெயரே நிற்கட்டும். கார்மைக்கேலை, அவர் நடத்திய டோனாவூர் இல்லத்துப் பிள்ளைகள் 'அம்மா' என்றே அழைத்தார்கள். அவர் விருப்பப்படி கல்லறைக் கல் நாட்டாமல், பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றைத்தான் அங்கே வைத்தார்கள். இதைச் சொன்ன பிறகு 'தியாகத் திருவுருவம்' என்ற பட்டம் எதற்கு?

நான்காம் படி: கூட இருந்தவர்களின் பெயரைத் தேடுங்கள்

'உள்ளூர் உபதேசியார் ஒருவரின் உதவியுடன்' என்று எழுதும் முன் ஒரு மாதம் தேடுங்கள். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, கல்லறைத் தோட்டம், பழைய குடும்பங்களின் வேதாகமத்தின் முதல் பக்கம் எல்லாம் இருக்கின்றன.

பெயர் கிடைத்தால் கதையின் தொடக்கமே மாறலாம். தென்திருவிதாங்கூர் சபையின் வரலாற்றை மிஷனரி ரிங்கல்தௌபேயிடமிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அவர் 1806-ல் மயிலாடிக்கு வருவதற்கு முன்பே, மகாராசன் என்ற மயிலாடிக்காரர் தஞ்சாவூர் வரை போய், அங்கே ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பி, தம் ஊருக்கு மிஷனரி வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆகவே முதல் அத்தியாயம் ஜெர்மனியில் பிறந்த ஒருவரின் கப்பல் பயணமாக இருக்க வேண்டியதில்லை. மயிலாடியிலிருந்து புறப்பட்ட ஒருவரின் நடைப் பயணமாக இருக்கலாம். பாளையங்கோட்டை வரலாற்றிலும் அப்படியே. மிஷனரி சுவார்ட்ஸ் 1778-ல் ஞானஸ்நானம் கொடுத்த கிளாரிந்தா, அங்கே ஆலயம் எழ முன்நின்றவர். அவரைச் சுவார்ட்ஸின் வாழ்க்கையில் ஒரு பத்தியாகச் சுருக்கினால் அளவு தவறிவிடும். அளவு தவறினால் தொனியும் தவறும்.

ஒரு மிஷனரி வழிகாட்டிய நல்ல முன்மாதிரியும் உண்டு. தம்மோடு உழைத்து 1915-ல் மறைந்த பொன்னம்மாளின் வாழ்க்கையை எமி கார்மைக்கேல் தனி நூலாகவே எழுதினார்.

நான் முதன்முதலில் எழுதிய சபைச் சரித்திரத்தை ஆலய முற்றத்தில் வாசித்துக் காட்டியபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "எங்க தாத்தா அவரு கூடவே நடந்தாருன்னு சொல்லுவாங்களே, அவரு பேரு வரலியே ஐயா" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அன்று இரவு பதிவேட்டைத் திறந்து தேடினேன். பெயர் இருந்தது. அதை நான் பலமுறை கடந்து போயிருந்தேன்.

ஐந்தாம் படி: குறைகளையும் வீட்டையும் எழுதுங்கள்

இதில்தான் பலருக்குக் கை நடுங்கும். கால்டுவெலை எடுத்துக்கொள்ளுங்கள். இடையன்குடியில் அவர் எழுப்பிய ஆலயம் 1880-ல் முடிந்தது, முப்பது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-ல் வந்தது. இதே கால்டுவெல் 1849-ல் தம் சபையில் பெரும்பான்மையாக இருந்த மக்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அவர்களைத் தாழ்த்திப் பேசிய அந்த நூல் அந்தச் சமூகத்தைப் பல தலைமுறை காயப்படுத்தியது. மிஷனரிகளோடு முரண்பட்ட சட்டம்பிள்ளை என்கிற அருமைநாயகம் 1857-ல் இந்து கிறிஸ்தவ சபையைத் தனியாக நிறுவினார். அந்த நூலை அவர் கடுமையாக எதிர்த்தவர்.

இதை எப்படி எழுதுவது? 'ஆனால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். "மனம் புண்படும் நூலை எழுதினார், ஆனால் அம்மக்களை உயிராக நேசித்தார்" என்றால் குற்றம் கழுவப்பட்டுவிடும். திருப்பிப் போட்டு, "உயிராக நேசித்தார், ஆனால் புண்படும் நூலை எழுதினார்" என்றால் அன்பு பொய்யாகிவிடும். 'ஆனால்' என்பதற்குப் பின்னால் வருவதுதான் வாசகர் மனதில் தங்கும். ஆகவே இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டாதீர்கள். 1849-ஐ ஒரு பத்தியாக, சாக்குப்போக்கு இல்லாமல், யாருக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லி முடியுங்கள். ஆலயத்தை இன்னொரு பத்தியாக எழுதுங்கள். 'அக்காலத்து வழக்கம் அப்படி' என்ற சமாதானத்தைச் சேர்க்கும் முன், அதே காலத்தில் அதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றி. வங்காளத்தில் ஊழியம் செய்த மிஷனரி வில்லியம் கேரியின் மனைவி டாரத்திக்கு இந்தியாவுக்கு வர விருப்பமில்லை. கடைசி நேரத்தில், தங்கை கூட வருவதாகச் சொன்ன பிறகே கப்பலேறினார். 1794-ல் வங்காளத்தில் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதற்குப் பின் டாரத்தியின் மனம் சிதைந்தது. 1807-ல் இறக்கும்வரை தேறவில்லை. பழைய வரலாறுகள் பலவற்றில் அவர் கேரியின் பாதையில் கிடந்த ஒரு முள்ளாகவே வருகிறார்: கணவரின் பொறுமையைக் காட்டுவதற்கான ஒரு சோதனை. 1800 டிசம்பர் 28-ல் கிருஷ்ண பால் கங்கையில் ஞானஸ்நானம் பெற்ற நாள் கேரியின் வாழ்வில் ஏழு ஆண்டுக் காத்திருப்பின் பலன். அதே நாளில் டாரத்தி செராம்பூர் வீட்டில் ஓர் அறையில் அடைபட்டிருந்தார். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கத் துணிந்த எழுத்தாளர்தான் கேரியை உண்மையாக நமக்குத் தருகிறார். அங்கே ஒப்பாரியும் வேண்டாம், கண்டனமும் வேண்டாம். ஆற்றங்கரையில் பாட்டு, வீட்டில் பூட்டிய கதவு. அவ்வளவுதான் எழுத வேண்டும்.

உங்கள் ஐயருக்கும் மனைவி இருந்திருப்பார். 'துணைவியார்' என்று ஒருமுறை சொல்லிக் கடந்துவிடாதீர்கள். கால்டுவெலின் மனைவி எலைசா, நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் தம்பதியின் மகள். தமிழைக் காதில் கேட்டே வளர்ந்தவர். இடையன்குடிப் பெண்களுக்குப் பள்ளியும் லேஸ் பின்னலும் கொண்டுவந்தவர். அவரை விட்டுவிட்டால் அந்த ஊரில் பாதி கதை போய்விடும்.

ஆறாம் படி: தெய்வச் செயலைச் சொல்லும் வினை

நாமும் விசுவாசிகள்தான். 'கர்த்தர் வழிநடத்தினார்' என்று எழுத நமக்குத் தயக்கமில்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு காணிக்கைக்கும் அதை எழுதினால், அந்தச் சொல் தேய்ந்த காசாகிவிடும். இதைக் கர்த்தருடைய செயல் என்று சொன்னவர் யார் என்று காட்டுங்கள். 'கர்த்தர் தந்தார் என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினார்' என்பது அவர் விசுவாசத்தை அப்படியே காட்டும். 'என்று நம்பினார்' என்று எழுதினால் தமிழில் ஒரு சந்தேக வாடை வந்துவிடுகிறது. அதைத் தவிர்ப்பது நல்லது.

எண்ணிக்கைக்கு ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள். 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். அந்த ஆண்டுகளில் திருநெல்வேலிச் சபைகளில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்ததைப் பஞ்சத்தைச் சொல்லாமல் சொன்னால் அது உண்மையை மறைப்பது. கஞ்சி ஊற்றினார்கள், பசித்தவர்கள் வந்தார்கள், பலர் தங்கினார்கள். பசியோடு வந்தவரின் விசுவாசம் குறைந்தது என்று யார் சொன்னது?

ஏழாம் படி: சொற்களைக் கழுவுங்கள்

ஊழியம், ஞானஸ்நானம், இரட்சிப்பு, சேகரம், அசன பண்டிகை ஆகியவை நம் வீட்டுச் சொற்கள். தூய தமிழ் வேண்டும் என்று அவற்றை மாற்றினால் சபையின் குரலே மாறிவிடும், அப்படியே இருக்கட்டும். எடுக்க வேண்டியவை போர்க்களச் சொற்கள்: 'கோட்டைகளைத் தகர்த்தார்', 'ஆத்தும அறுவடை செய்தார்', 'வெற்றிக்கொடி நாட்டினார்'. அடுத்து, அடுக்கி வரும் பெயரடைகள். 'அரிய பெரிய ஒப்பற்ற தியாகச் சேவை' என்பதில் ஐந்து சொல்லையும் அடித்துவிட்டு அவர் அன்று என்ன செய்தார் என்று எழுதுங்கள். கிணறு வெட்டினாரா, எத்தனை அடி ஆழத்தில் தண்ணீர் வந்தது, உப்பா நன்னீரா?

எட்டாம் படி: மரணமும் மௌனமும்

சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23-ல், முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். முந்தைய ஆண்டு எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். இந்த இரண்டு வாக்கியத்தை வாசித்துப் பாருங்கள். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று சேர்த்தால் கனம் குறையும். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று எழுதலாம், ஒரே ஒருமுறை.

ரிங்கல்தௌபேயின் முடிவு வேறு. 1816-ல் உடல் நலிந்து திருவிதாங்கூரை விட்டுப் புறப்பட்டார். கடல் வழியே போனவருக்கு என்ன ஆனது என்று எவரும் அறியார். இப்படிப்பட்ட இடத்தில் எழுத்தாளர்களுக்குக் கற்பனை ஊறும்: அலை, புயல், கடைசி ஜெபம். வேண்டாம். உங்கள் ஐயரின் வாழ்க்கையிலும் பதிவு இல்லாத ஆண்டுகள் இருக்கும். 'இந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றிக் கடிதம் ஏதும் கிடைக்கவில்லை' என்று எழுதி அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.

ஒன்பதாம் படி: வாய்விட்டு வாசியுங்கள்

அச்சுக்குக் கொடுக்கும் முன் மூன்று பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒருவர் சபையின் மூத்தவர். பெயர் விட்டுப்போனதை அவர் சொல்வார். இன்னொருவர் ஊரில் உங்களோடு படித்த, கிறிஸ்தவர் அல்லாத நண்பர். எந்த வரியில் அவர் முகம் மாறுகிறது என்று பாருங்கள். வாய் திறந்து சொல்லமாட்டார், நட்புக்காகப் பொறுத்துக்கொள்வார். அந்த வரியை நீங்களே அடையாளமிட்டு, அன்றைக்கே திருத்துங்கள். மூன்றாமவர் கல்லூரியில் படிக்கும் பிள்ளை. எந்தப் பக்கத்தில் கைப்பேசியை எடுக்கிறாரோ அங்கே பிரசங்கம் நுழைந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை மணலில் எழுதிய விரல் அளவுக்கு ஒரு செயலைத் தேடி மாற்றி எழுதுங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்தை எடுத்துவிடுங்கள். மலர்க் குழு கேட்டால், பாட்டியின் தாத்தா பெயருக்கு இடம் வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள்.